சீட்டில் கிடந்த துண்டு

எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் இரண்டைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு தங்கக் காசு, இல்லையென்றால் மொரீஷியஸ் தீவுக்கு ஒரு சுற்றுலா. வருடம் முழுக்க அவர்களிடமே சமையல் எண்ணெய் டின் வாங்கிய ஓட்டல்காரர்கள், மெஸ்காரர்கள் எல்லோருக்கும் அந்தச் சலுகை. ஓசூரில் இப்படி டூர் போகாத ஓட்டல் முதலாளி குறைவு. தாய்லாந்து போவார்கள், துபாய் போவார்கள், வந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோவைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டுவார்கள். பொம்பளை நடத்துகிற மெஸ்ஸில் இதைக் கேட்கவே வேண்டியதில்லை என்று ஆர்டர் எடுக்க வந்தவர் நினைத்துவிட்டார். "அக்கா, உங்களுக்குத் தங்கக் காசுன்னு போட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

"டூர்னு போடுங்க" என்றேன்.

"உங்க பையன் போறாராக்கா?"

"அத்தன டின்னும் ஊத்தி அடுப்பு முன்னால வெந்தது எம்பையனா? நாந்தான் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே போய்த் தீர வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் மெஸ். என் வீட்டுக்காரர் ஒரு வால்வு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு இருவருமாக இதை ஆரம்பித்தோம். ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து சில நாளிலேயே நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அதை ஊர் பேசியது, உறவு பேசியது. பேசியவர்களில் ஒருவர்கூட என் அரிசி மூட்டையை இறக்கிவைக்க வரவில்லை. முன்பெல்லாம் கம்பெனிகளில் வேலை செய்கிற சேலம், தருமபுரிப் பிள்ளைகள் சாப்பிட வருவார்கள். இப்போது பெரும்பாலும் பீகார்ப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து வந்து "சாச்சி, சாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே தட்டை எடுப்பார்கள். அவர்கள் ஊரில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

நான் டூர் போகிற சேதி மகனுக்குப் போய், அவனிடமிருந்து என் மூத்தாருக்குப் போய்விட்டது. மூத்தார் என்றால் வீட்டுக்காரரின் அண்ணன். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வியாபாரம். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி போன நாளிலிருந்து தம்பி வீட்டுக்கும் தாம்தான் தலை என்று தாமே முடிவு செய்துகொண்டவர். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீடு திரும்பியபோது கல்லா நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெங்களூர்ப் பக்கம் சந்தாபுரத்திலிருந்து மகன் வந்து பெஞ்சில் இருந்தான். இருவரும் ஒத்திகை பார்த்து வந்தவர்கள் போல வாயைத் திறந்தார்கள்.

"ஏம்மா, அத்திப்பள்ளி தாண்டி ஒண்டியா போயிருக்கிறியா நீ?" என்றார் மூத்தார்.

"இல்ல மாமா. அதான் கொஞ்சம் தள்ளியே போயி பாத்துட்டு வரலாம்னு."

"வேளாங்கண்ணிக்குப் போயேன். நானே பஸ் ஏத்தி வுடறேன். அங்கயும்தான் கடலு இருக்குது."

"இருக்குது. ஆனா வேளாங்கண்ணிக்குன்னு கெளம்பினா தெருவே நேர்ச்ச சொல்லி அனுப்பும். மெழுகுத்திரி வாங்கி ஏத்தவே பொழுது போயிடும். கடல எப்பப் பாக்கறது?"

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனுடைய பேச்சு வேறு மாதிரி, நயமாக இருக்கும். மெஸ்ஸை மூடிவிட்டு அவனோடு சந்தாபுரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா போனதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே அவனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பத்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நான் டி.வி. பார்க்க வேண்டும். பாசம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாசத்தில் எனக்கு மூச்சு முட்டும், அதையும் சொல்லியிருக்கிறேன்.

"அம்மா, ஒரு பேச்சுக்கு வாங்க" என்றான். "நீங்க தனியா சமாளிப்பேன் சமாளிப்பேன்னு சொல்றீங்க. சரி, போயிட்டு வாங்க. ஆனா அங்க போயி வழி தெரியாம மாட்டிக்கிட்டு எங்களக் கூப்புட்டீங்கன்னா, திரும்பி வந்ததும் மெஸ்ஸ மூடிட்டு எங்ககூட வந்துடணும்."

"கூப்புடாம வந்துட்டா?"

"அப்பறம் நான் வாயே தொறக்கல."

"நீ மட்டும் இல்ல. மாமாவும் தொறக்கக் கூடாது. நான் நடமாடற வரைக்கும் இந்த வீடும் மெஸ்ஸும் எம்பொறுப்பு."

மூத்தார் சிரித்தார். ஜெயித்துவிட்ட சிரிப்பு அது. நான் கண்டிப்பாகத் தொலைந்துபோவேன் என்று அந்த மனிதருக்கு அத்தனை நம்பிக்கை.

கிளம்புவதற்கு முன் அடுப்பை என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் ஒப்படைத்தேன். ரசத்துக்குப் புளி குறைவாகப் போடு, அந்தப் பிள்ளைகளுக்குப் புளிப்பு ஆகாது என்று மட்டும் சொன்னேன். பைக்குள் கடைசியாக வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட துண்டை வைத்தேன். அவர் நினைவாக என்று யாராவது கண்ணைக் கசக்க வேண்டாம். பயணத்துக்கு ஒரு துண்டு வேண்டும், கையில் அகப்பட்ட நல்ல துண்டு அதுதான்.

டூரில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்து ஓட்டல்காரர்களும் அவர்கள் வீட்டம்மாக்களும் இருந்தார்கள். கூட்டிப்போக ஒரு டூர் மேனேஜர், முப்பது வயசிருக்கும், எதற்கெடுத்தாலும் "நோ டென்ஷன்" என்பார். தனியாக வந்தவள் நான் ஒருத்திதான். விமானத்தில் சேலத்து அம்மா ஒருவர் என்னிடம், "சார் வரலீங்களா?" என்று கேட்டார். "அவரு முன்னாடியே போயிட்டாருங்க" என்றேன். முதல் விமானத்தில் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டார் போல. நான் திருத்தவில்லை.

தீவைப் பற்றி எல்லோரும் சொர்க்கம் என்று சொன்னார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கரும்பு. போகிற வழியெல்லாம் கரும்பு. கரும்புக்கு நடுவே கறுப்புக் கல்லைக் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் அத்தனை கல், பொறுக்கிப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரா இருந்தா இதுக்குள்ள கல்ல அள்ள லாரி வந்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டார். எரிமலை வாய் என்று ஒரு பள்ளத்தைக் காட்டினார்கள். உள்ளே மரமும் புல்லும் முளைத்து அடங்கிக் கிடந்தது. ஏழு நிற மண் என்று ஒரு மேட்டைக் காட்டினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். அது நிஜமாகவே அழகுதான். சிவப்பும் ஊதாவும் பழுப்பும் அலை அலையாக இருந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "போதும் வாங்கம்மா, மண்ணுதானே" என்றார் சேலத்து அம்மா. மண்தான். ஆனால் அதை எனக்குப் பிடித்த நேரம் வரைக்கும் பார்க்க விட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இருபத்து நாலு மணி நேரமும் யாராவது சாப்பாடு கேட்கிற வாழ்க்கையில் இருந்து வந்தவளுக்குத்தான் அது புரியும்.

அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. கோபுரம் வைத்த முருகன் கோயில் இருக்கிறது. ஆனால் கோயில் வாசலில் நின்றவரிடம் தமிழில் பேசினால் சிரிக்கிறார், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுபோனார்கள், நம் பக்கத்திலிருந்தும் பீகார்ப் பக்கத்திலிருந்தும். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்த ஊர்ப் பேச்சுதான் என்று டூர் மேனேஜர் சொன்னார்.

இனி துண்டு விஷயம். எங்கள் பக்கத்தில் பஸ் சீட்டில் துண்டு கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் டீ குடிக்கப் போயிருக்கலாம், பூ வாங்கப் போயிருக்கலாம், அது அவர் பாடு. துண்டை எடுத்து அப்பால் போட்டு உட்காருகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அதிலும் ராயக்கோட்டை பஸ்ஸில் துண்டுக்கு இன்னும் மரியாதை அதிகம். துண்டுக்காரர் வராமல் வண்டியை எடுக்க விடமாட்டார்கள். என் மூத்தாரே ஒருமுறை, சீட்டில் பையைப் போட்டுவிட்டு இறங்கிய யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக, கண்டக்டர் சட்டையைப் பிடித்து வண்டியை நிறுத்தி வைத்தவர். அந்தக் கதையை எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். சிறு வயதிலிருந்து இதிலேயே பழகிய எனக்கு, டூர் பஸ்ஸிலும் ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு இறங்குவதுதான் வழக்கம். நம் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள். கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், தொப்பி என்று ஆளுக்கொன்று சீட்டில் கிடக்கும்.

தீவின் வடக்கு முனையில் கடலை ஒட்டி ஒரு தேவாலயம் இருக்கிறது. வெள்ளைச் சுவர், ரத்தச் சிவப்பில் கூரை. அதற்கு அந்தப் பக்கம் கடல் பச்சையும் நீலமுமாகக் கிடக்கிறது. மற்றவர்கள் வெளியே நின்று படம் எடுத்தார்கள். நான் உள்ளே போய் முழங்கால் போட்டேன். ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள், அவளைத் தவிர யாரும் இல்லை. வீட்டுக்காரருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே யாருக்கும் நான் காபி கொடுக்க வேண்டியதில்லை. துண்டுதான் சீட்டில் கிடக்கிறதே, நம்மை விட்டு எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நிதானமாக அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் இறங்கியதும் அந்த ஊர் டிரைவர் அன்றைக்குப் பார்த்து வண்டியைக் கூட்டியிருக்கிறார். சீட்டில் கிடந்ததையெல்லாம் யாரோ மறந்து விட்டவை என்று எடுத்து, அழகாக மடித்து, முன்னால் பெட்டியில் வைத்துவிட்டார். நல்ல மனிதர், ஒழுங்கான மனிதர். துண்டு சீட்டில் கிடந்திருந்தால் நம் ஆட்கள் வண்டியை நகர விட்டிருப்பார்களா? ஜன்னலோரம் காலியாக இருந்ததால் சேலத்து அம்மா அங்கே மாறி உட்கார்ந்து தூங்கிவிட்டார். "எல்லாரும் வந்தாச்சா?" என்று டூர் மேனேஜர் கேட்டிருக்கிறார். "வந்தாச்சு" என்று பஸ்ஸே சொல்லியிருக்கிறது.

முதலில் பயமில்லை, கோபம்தான். திரும்பி வருவார்கள் என்று தேவாலயத்து மதிலோரம் நின்றேன். வெயில் ஏறியது. போனில் பேசலாம் என்றால் என் போனுக்கு அந்த ஊரில் உயிரே இல்லை, ஓட்டலில் வைஃபை கிடைத்தால்தான் முனகும். பெருக்கிக்கொண்டிருந்த பெண் வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். தன் போனைக் காட்டி, "போலீஸ்?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் கண்முன் வந்துவிட்டது. போலீஸ் வரும், பாஸ்போர்ட் பார்க்கும், மகனுக்குப் போன் போகும், மூத்தார் அதே சிரிப்பைச் சிரிப்பார், என் அடுப்பு அணையும், பத்தாவது மாடியில் கதவு சாத்தும். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். பாவம், அவள் மிரண்டுவிட்டாள்.

தொலைந்த பொருள் கிடைக்க எங்களில் எல்லோரும் அந்தோணியாரைத்தான் கூப்பிடுவோம். வாய்வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். நான் பொருள் இல்லை சாமி, கூட மட்டும் வாருங்கள், வழியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அங்கே வயதான பெண் ஒருத்தி காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பூப்போட்ட கவுன், தலையில் வெள்ளை முக்காடு. என் புடவையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"கா பயில்?" என்றாள்.

என்ன ஆயிற்று என்று அர்த்தம். என் மெஸ்ஸில் ஃபேன் நின்றால் பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். குழம்பு தீர்ந்தால் அதைத்தான் கேட்பார்கள். எவனுக்காவது ஊரிலிருந்து போன் வந்து முகம் வாடினால் மற்றவர்கள் அதைத்தான் கேட்பார்கள். பீகாரில் அவர்கள் ஜில்லாவில் பேசுகிற பேச்சு. அதை இந்தக் கடலோரத்தில் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஓசூரில் இருப்பவர்களுக்கு ஒரு துணிச்சல் உண்டு. பால்காரரிடம் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கம்பெனி கேட்டில் அரைகுறை இங்கிலீஷ். எதையும் சரியாகப் பேசிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தால் அங்கே ஒரு கட்டுக் கீரைகூட வாங்க முடியாது. அந்தத் துணிச்சலில் நானும் அவர்கள் பேச்சைத் தேடினேன். சட்டென்று கிடைத்தது, மெஸ் வாசலில் தினமும் கேட்கிற ஒரு புலம்பல். எவனுடைய செருப்பையாவது எவனாவது மாட்டிக்கொண்டு போய்விட, மற்றவன் "ஹமார் சப்பல் ஹேரா கயில்" என்று நிற்பான். என் செருப்பு தொலைந்துபோச்சு என்று.

"ஹேரா கயில்" என்று ஆரம்பித்தேன். தொலைந்துபோச்சு. சொன்னதும் எனக்கே பிடிக்கவில்லை. என்னத்துக்கு நான் தொலைந்துபோனேன் என்று சொல்ல வேண்டும்? இருந்த இடத்தில்தானே இருக்கிறேன். தலையை ஆட்டி அதை அழித்துவிட்டு, பஸ் போன திசையில் கையை நீட்டினேன்.

"பஸ் சல் கயில்." பஸ் போய்விட்டது.

அவள் புரிந்துகொண்டாள். புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், அருவி மாதிரி. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. அவள் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு வராது, பேசவே ஆள் இல்லை என்றாள் போலிருக்கிறது. "கஹா ஜாயே கே பா?" என்று கேட்டாள், எங்கே போக வேண்டும் என்று. சுருக்குப் பையிலிருந்து ஓட்டல் அறைச் சாவி அட்டையை எடுத்துக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். தூரம், மேற்குக் கரை. தலைநகருக்குப் போய், ஊரின் இந்தக் கோடியில் இறங்கி, அந்தக் கோடிக்கு நடந்து, வேறு பஸ் பிடிக்க வேண்டும். வா என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். கண்டக்டரிடம் என்னைக் காட்டி அந்த ஊர்ப் பேச்சில் ஏதோ அதட்டினாள், அவர் எனக்குத் தலைவணங்கினார். கரும்பு ஓடியது, கடல் வந்து வந்து போனது. டூர் பஸ்ஸில் ஏ.சி. கண்ணாடிக்குள் பார்த்த அதே ஊர்தான், இப்போது காற்றோடு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், மீன் கூடை ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தோடுதான் சிரித்தேன், ஆனாலும் சிரித்தேன்.

தலைநகரில் இறங்கியதும் அவள் தன் வேலையைப் பார்க்கப் போகவில்லை. வெயிலில் என்னை ஊரின் மறு கோடி வரை நடத்திக் கூட்டிப்போனாள். வழியில் தள்ளுவண்டியில் தால்பூரி வாங்கிக் கொடுத்தாள். பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, உள்ளே மொச்சைக் கறி. ஊர் நினைப்பு வந்தால் என் பையன்கள் வாய் ஊறப் பேசுகிற தால்பூரி. அதை நடுத்தெருவில் நின்று, கையில் வழிய வழியத் தின்றேன். பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, கீழே நின்று என் முழங்காலைத் தட்டினாள். "சாச்சி" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அதற்கு மேல் அந்தப் பேச்சில் நன்றி சொல்லத் தெரியாது.

சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டூர் மேனேஜர் ஓடிவந்தார், முகம் வெளுத்து. தீவின் வடக்கு முனை வரை திரும்பிப் போய்த் தேடியிருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, எப்படி வந்தீங்க?"

"பஸ்ல. நீங்க போன மாதிரியேதான்."

"நான் உங்க பையன்கிட்ட சொல்லிட்டேன் ஆன்ட்டி. காணோம்னு."

டீயைக் கீழே வைத்தேன். வைஃபையில் மகனைப் பிடித்தபோது அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்து மூச்சு வந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா. பேசின பேச்சு பேச்சுதான். வந்ததும் மூடிடலாம்" என்றான். பக்கத்தில் மூத்தாரின் குரல் கேட்டது, "நான் அன்னைக்கே சொல்லல?" என்று.

மறுநாள் படகில் ஒரு குட்டித் தீவுக்குப் போவதாக இருந்தது. "நீங்க ரூம்லயே ரெஸ்ட் எடுங்க ஆன்ட்டி" என்றார் டூர் மேனேஜர். முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தேன். புடவையோடு கழுத்தளவு கடலில் இறங்கி நின்றேன். ஊரில் என்ன காத்திருந்தாலும் சரி, கண் நிறையப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று இருந்தது.

பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி டோல் தாண்டி, மூக்கண்டப்பள்ளிக்கு வந்தபோது மெஸ் ஷட்டர் இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம். எதிர்ச் சுவரோரம் என் பிள்ளைகள் நான்கைந்து பேர் பன்னைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். "சாச்சி, கா பயில்?" என்று ஒருவன் கேட்டான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

பக்கக் கதவு வழியாக உள்ளே போனேன். கல்லா நாற்காலியில் மூத்தார். பெஞ்சில் மகன். அடுப்பு சில்லென்று இருந்தது. நான் காணாமல்போன சேதி வந்த அன்றே வேலைக்காரப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இடத்துக்கு ஜூஜுவாடியிலிருந்து ஒரு ஆள் வாடகைக்குக் கேட்கிறான், பைக் உதிரிபாகக் கடை வைக்க, இன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றார் மூத்தார்.

"ஏன் மாமா, நான் செத்தா போயிட்டேன்?"

"தொலைஞ்சுபோயிட்டியேம்மா. அந்நிய தேசத்துல, ஒண்டியா. நெனச்சாலே கொல நடுங்குது."

"தொலையல மாமா. விட்டுட்டுப் போனாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்ல." என் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க தம்பியும் என்ன விட்டுட்டுத்தான் போனாரு, ஒரு வார்த்த சொல்லாம. அன்னையில இருந்து எல்லாரும் என்னத் தொலைஞ்ச சாமான் மாதிரியே பாக்கறீங்க. யாரு வீட்ல கொண்டுபோயி வைக்கலாம்னு பேசிக்கினு இருக்கீங்க. நான் எங்கயும் தொலையல. இதோ இந்த அடுப்பு முன்னாலதான் நின்னுக்கினு இருந்தேன். யாருக்கும் கண்ணு தெரியல."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "பேச்சு பேசிட்டுத்தானேம்மா போனீங்க" என்றான், மெதுவாக.

"ஆமா. என்னா பேச்சு? வழி தெரியாம நான் உங்களக் கூப்புட்டா மூடணும்னு. நான் கூப்புட்டனா?"

"டூர் மேனேஜர் கூப்புட்டார்."

"அவரு மெஸ்ஸ அவரு மூடட்டும்."

மூத்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது, ஜூஜுவாடி ஆள்தான். சிக்னல் கிடைக்காமல் எழுந்து பக்கக் கதவுக்கு வெளியே போனார். நான் பையைத் திறந்தேன். நீலக் கட்டத் துண்டை எடுத்தேன், அந்த டிரைவர் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது. உதறிக் கல்லா நாற்காலியில் போட்டுவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். உலை வைக்கிற சத்தம் கேட்டதோ என்னவோ, மகன் எழுந்துபோய் முன்பக்க ஷட்டரைத் தூக்கினான்.

மூத்தார் போனைக் காதில் வைத்தபடியே திரும்பி வந்தார். உட்காரப் போனவர் நாற்காலியைப் பார்த்தார். துண்டு கிடந்தது. எடுத்து அப்பால் போட அவருக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும், அது அவர் ரத்தத்திலேயே இல்லை. அப்படியே நின்றார். தம்பியின் துண்டு என்று அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா, நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். போனில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா" என்றார் அவனிடம். "எடம் காலியில்ல. ஆள் இருக்குது."